செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நம் வண்ண மீன் வளர்ப்போர் சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். போன ஆண்டு அறிக்கை ரொம்ப நீளம் என்று குறை வந்தது. இந்த ஆண்டும் நீளம்தான். புயல் வந்த ஆண்டு, என்ன செய்வது.

ஆண்டுத் தொடக்கத்தில் நாம் 54 பேர். புதிதாக 9 பேர் சேர்ந்தார்கள், ஒருவர் வேலை மாறிக் கோயம்புத்தூர் போய்விட்டார். இன்னொருவர் நம் மோலித் தாத்தா. பிப்ரவரியில் காலமானார். ஆக இப்போது 61 பேர்.

தாத்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை. மூர் மார்க்கெட்டில் மீன் வாங்கி வளர்க்க ஆரம்பித்தவர். 1985இல் அந்தக் கட்டடம் எரிந்ததைச் சொல்லும்போதெல்லாம் அங்கே தான் பார்த்து வைத்திருந்து வாங்காமல் விட்ட ஒரு ஜோடி ஏஞ்சல் மீனைப் பற்றியும் சொல்லாமல் விடமாட்டார். கடைசி வரை கறுப்பு மோலிதான் வளர்த்தார். நம்ம ஊர் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதில் மென்னீர் கேட்கும் டெட்ரா மீனை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள், மோலியும் கப்பியும் இதில் தானாகவே குட்டி போடுமே என்பார். ஆர்.ஓ. தண்ணீர் கேன் வாங்கியே கடனாளியான நம்மில் சிலர் அதை அப்போது கேட்கவில்லை. அவருடைய நோட்டில் எந்தத் தேதி எந்தத் தொட்டியில் எத்தனை குட்டி என்பதோடு, எந்த ஆணை யார் வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார் என்பதும் இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இனம் பெருக்கினால் சில தலைமுறையில் மீன் சிறுத்துப் போகும், முதுகு வளையும் என்று, வருடத்துக்கு ஒரு முறை வெளி ஆண் கொண்டுவருவது அவர் வழக்கம். உறுப்பினர்கள் மீன் மாற்றிக்கொள்ளும் நம் மாற்றுச் சந்தையே அதற்காக அவர் தொடங்கி வைத்ததுதான். அந்தச் சந்தையில் இந்த ஆண்டு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை. கூட்டத்துக்கு மொட்டை மாடியை வாடகை வாங்காமல் கொடுத்துவரும் துணைத் தலைவருக்கும், ஒவ்வொரு முறையும் சுண்டல் செய்து அனுப்பும் அவர் வீட்டு அக்காவுக்கும் நன்றி.

ஜூன் கூட்டத்தில் ஃபைட்டர் மீன் குஞ்சு எடுப்பது பற்றிப் பேச்சு. தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் இது என்ற தகவலோடு நம் அயனாவரம் தம்பி கம்பீரமாகத் தொடங்கினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். அரை அடிக்கு மேல் தண்ணீர் வேண்டாம், ஒரு பாதாம் இலை மிதக்கட்டும், ஆண் அதன் அடியில் நுரைக்கூடு கட்டும். முட்டை விழுந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் அதைக் கிழித்துவிடும். கூட்டிலிருந்து நழுவி விழும் முட்டையையும் குஞ்சையும் வாயில் கவ்வி மேலே கொண்டுபோய் ஒட்டுவது ஆணின் வேலை. குஞ்சு படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்ததும் ஆணையும் எடுத்துவிடலாம். தொட்டிக்கு மூடி முக்கியம். குஞ்சுக்கு மேல்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும் வாரங்களில் தண்ணீருக்கு மேலிருக்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். எல்லாம் அழகாகச் சொன்னார். ஒரே ஜோடியில் நூறு குஞ்சுக்கு மேல் பிழைத்துவிட்டால், மூன்றாம் மாதம் ஆண்களை எல்லாம் தனித்தனி பாட்டிலில் போட வேண்டும் என்பதை மட்டும் கடைசியில் சொன்னார். அவர் வீட்டில் அப்போது ஊறுகாய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் என்று 47 பாட்டில்கள். அவருடைய அம்மா ஜூலைக் கூட்டத்துக்கு நேரிலேயே வந்து பேசினார். அவர் பேசியது குறிப்பேட்டில் ஏற்றப்படவில்லை.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. குஞ்சு எடுக்க நமக்கு இப்போது நன்றாகவே தெரிகிறது. எடுத்த குஞ்சை என்ன செய்வது என்பதில்தான் இந்த ஆண்டு முழுக்கத் திண்டாடினோம். கொளத்தூர் மொத்தக் கடைகளுக்கு ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஆயிரக்கணக்கில் பண்ணைகளிலிருந்து மீன் வருகிறது. நம் பிளாஸ்டிக் பையில் இருக்கும் கலப்புக் கப்பி 30ஐ அங்கே யார் வாங்குவார்கள்? புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், ஆணை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி இரண்டு மாதம் ஆன பிறகும் கப்பி குட்டி போடுகிறதே, எப்படி என்று கேட்டார். ஒரு முறை சேர்ந்தாலே பெண் கப்பி விந்தணுவைச் சேமித்து வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு முறை என்று பல மாதம் குட்டி போடும். அவர் முகம் வாடியதைப் பார்க்க வேண்டுமே.

கப்பிக்கு ஒரு நல்ல வழி பிறந்தது மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு அக்காவால். நம் உறுப்பினர் ஒருவர் மாடியில் பச்சைத் தண்ணீர் நிறைந்த டிரம் வைத்து, குஞ்சுகளுக்குத் தீனியாக மொய்னா என்ற பொடி நீர்ப்பூச்சி வளர்த்துவந்தார். சோதனைக்கு வந்த அந்த அக்கா டிரம்மைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்துவிட்டார். நல்லவேளை, டிரம் மேல் கொசுவலைத் துணி கட்டியிருந்தது, உள்ளே ஒரு கொசுப்புழு இல்லை. பக்கத்துத் தொட்டிகளில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி இருப்பதைக் கண்டவர், கிணறு உள்ள நாலைந்து வீடுகளுக்கு அதைக் கேட்டு வாங்கிப் போனார். அதற்குப் பிறகு மூடிய கிணறு, வீட்டுத் தொட்டி என்று கேட்பவர்களுக்குக் கொடுத்துவருகிறோம். மூடிய நீர்நிலைக்கு, அதாவது ஏரி, கால்வாயோடு சேராத தண்ணீருக்கு மட்டும்தான். இதையும் பிறகு விளக்குகிறேன்.

ஆகஸ்டில் ஆர்ட்டீமியா, அதாவது குஞ்சுகளுக்குத் தீனியாகும் பொடி உப்புநீர் இறால், அதன் முட்டை டப்பா பொதுவில் வாங்கிப் பிரித்துக்கொண்டோம். தனியாக வாங்கினால் விலை தாங்காது. திறந்த டப்பாவில் ஈரம் ஏறினால் பொரிக்கும் விகிதமும் விழுந்துவிடும். சின்ன டப்பிகளில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தவர்களுக்கு மார்ச் வரை நன்றாகப் பொரிந்தது. லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, அடியிலிருந்து காற்று, வெளிச்சம், 24 மணி நேரம். பொரிந்ததும் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும், நேரம் போகப் போக அதன் உடம்பிலிருக்கும் சத்து கரைந்துவிடும். மீனுக்குத் தீனியாகப் போடும் டியூபிஃபெக்ஸ் புழு பற்றிய வழக்கமான சண்டை இந்த ஆண்டும் நடந்தது. சாக்கடையில் எடுப்பது, கிருமியோடு வரும் என்று ஒரு கட்சி. எத்தனை தண்ணீரில் அலசினோம் என்பதுதான் விஷயம் என்று இன்னொரு கட்சி. முடிவு ஏதும் இல்லை.

செப்டம்பரில் என் கதை. என் ஏஞ்சல் ஜோடி மூன்று முறை முட்டையிட்டு மூன்று முறையும் தின்றுவிட்டது. நான்காம் முறை முட்டை ஒட்டியிருந்த கடப்பாக் கல்லைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் ப்ளூ விட்டு, பக்கத்தில் காற்றுக்கல் போட்டேன். இரண்டரை நாளில் பொரிந்தது. அதற்கடுத்த ஐந்தாம் நாள் கிட்டத்தட்ட 140 குஞ்சுகள் நீந்தின. மூன்று வாரம் வளர்த்தேன். ஒரு ஞாயிறு காலை, ஸ்பான்ஜ் ஃபில்டர் அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்து கழுவினேன். அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பான்ஜில்தான் குடியிருக்கிறது, குழாய்த் தண்ணீர்க் குளோரின் அதைக் கொன்றுவிடும், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும் என்று இதே சங்கத்தில் இரண்டு முறை வகுப்பெடுத்தவன் நான். புதன்கிழமை 9 குஞ்சுகள் மிச்சம்.

டிசம்பருக்கு வருவோம். மிக்ஜாம் புயல் மழை 3ஆம் தேதி இரவு பிடித்து 4ஆம் தேதி முழுக்கக் கொட்டியது. என் தெருவில் 52 மணி நேரம் கரண்ட் இல்லை, தொட்டிக்குக் காற்று விடும் பம்பும் ஓடவில்லை. இதைவிட அதிக நேரம் இருட்டில் இருந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். முதலில் போனவை கூட்டமாக வைத்திருந்த தொட்டிகள். ஃபைட்டர், குராமி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு கூடுதலாகக் கரையும் என்பதால் தப்பித்தோம். இதே கரண்ட் கட் மே மாதத்தில் வந்திருந்தால் கதை வேறு. தீனியை அறவே நிறுத்திவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்த வில்லிவாக்கம் அண்ணனும் அண்ணியும் ஒரு மீனைக்கூட இழக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒருவர் என்று ராத்திரி முறை போட்டுக்கொண்டார்களாம். கரண்ட் வந்ததும் ஃபில்டரை அப்படியே போட்டவர்கள்தான் இரண்டாம் சுற்றில் இழந்தார்கள். நின்றுபோன ஃபில்டருக்குள் பாக்டீரியா செத்து அழுகியிருக்கும். அலசிவிட்டுத்தான் போட வேண்டும். பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் 6 சங்கத்துக்காக வாங்கியிருக்கிறோம். தேவைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கலாம்.

வெள்ளம் வடிந்ததும் ஒரு தரைத்தள உறுப்பினரின் வாசலில் கிடந்தது ஒன்றரை அடி சக்கர் மீன். உயிரோடு. தண்ணீர் இல்லாமலும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் பிராணி அது. கடையில் இரண்டு அங்குலத்தில் டேங்க் கிளீனர் என்று கொடுக்கிறார்கள். வாங்கியவருக்கு ஒரு வருடத்தில் தொட்டி கொள்ளாது. ஏரியில் விட்டுவிடுவார். தென் அமெரிக்க மீன், உடம்பெல்லாம் கவசம், நம் ஏரியில் அதைத் தின்ன ஆளில்லை. கரையைக் குடைந்து முட்டை வைக்கும், வலையில் விழுந்தால் வலையைக் கிழிக்கும். சென்னை ஏரிகளில் வலை போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வசவோடுதான் பதில் வரும். இப்படி விட்டது யாரோ என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. மார்ச் கூட்டத்தில் நான் கேட்டபோது, தலைகுனிந்தபடி நான்கு கைகள் உயர்ந்தன.

ஆகவே அன்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம்: சங்க உறுப்பினர் எந்த மீனையும் ஏரி, குளம், கால்வாய் எதிலும் விடக்கூடாது, கப்பியாக இருந்தாலும். வளர்க்க முடியாதவர் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். சக்கர் மீனை வாங்குவதே வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க நமக்குக் கை இருக்கிறது.

இப்போது மாற்றுச் சந்தை. புயலில் இழந்தவர்களுக்கு ஈடுசெய்யலாம் என்று நல்ல எண்ணத்தில் ஜனவரி இரண்டாம் ஞாயிறு நடத்தினோம். 38 பேர் மீன் மாற்றிக்கொண்டார்கள். பத்து நாளில் 11 வீட்டில் வெள்ளைப்புள்ளி நோய். களைத்துப்போன மீன், மார்கழிக் குளிர், ஒரே வாளியில் எல்லாருடைய மீனும்: இதற்கு மேல் நோய்க்கு என்ன வசதி வேண்டும்? ஏற்பாடு செய்தவன் நான், தவறு என்னுடையது. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தியவர்களுக்கு அது திரும்ப வந்தது. புள்ளிக்குள் இருக்கும்வரை ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, அடியில் பெருகி, நீந்தி வரும்போதுதான் சாகும். ஹீட்டரில் 30 டிகிரி வைத்து அந்தச் சுற்றை வேகப்படுத்தி, புள்ளி போன பிறகும் பத்து நாள் விடாமல் பார்த்தவர்கள் மீனைக் காப்பாற்றினார்கள். இனி சந்தையில் ஒவ்வொருவருக்கும் தனி வாளி, தனி வலை. வீட்டுக்குக் கொண்டுபோன மீன் இரண்டு வாரம் தனித் தொட்டியில்.

ஒரு நல்ல செய்தி. பெரம்பூர் உறுப்பினர் தம்பதி ஆரஞ்சு குரோமைடு குஞ்சு எடுத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மீன். தாயும் தகப்பனும் மாறி மாறி முட்டைக்கு விசிறிவிட்டு, குஞ்சு வந்ததும் அது தங்கள் உடம்பைக் கொத்தி மேய்வதைப் பொறுத்துக்கொண்டு நிற்கின்றன. வெளிநாட்டு டிஸ்கஸ் மீன் இப்படிச் செய்வதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் நாம், நம் உப்பங்கழி மீன் அதையே செய்வதை இப்போதுதான் பார்க்கிறோம். தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் பஞ்சாக்ஸ் மீனையும் ஒருவர் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருக்கும் ஏழு பேரின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு முறை.

கடைசியாக ஒன்று. தாத்தாவின் 14 தொட்டிகளில் 13ஐ, அவர் மகள் விருப்பப்படி, உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டார்கள். பதினான்காவது என் வராந்தாவில் இருக்கிறது. அதில் மூன்று பெண் மோலி, ஒரு கிழட்டு ஆண். நோட்டுப்படி இந்த ஆவணிக்குள் வெளி ஆண் விட வேண்டும். யாரிடமாவது நல்ல கறுப்பு மோலி ஆண் இருந்தால், இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
செயலாளர்