கேரக்கின் பொய்களை விட்டுவையுங்கள்

ஸ்டார் ட்ரெக் கதைகளை இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும் இனி எழுதப்போகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் ஒரு தையற்காரரைப் பற்றிப் பேச வேண்டும்.

1993-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய கையோடு, அதே பெயர் கொண்ட விண்வெளி நிலையத்தில் டாக்டர் ஜூலியன் பஷீரின் மேசைக்கு, கார்டாசியர் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். பெயர் கேரக். தையற்கடை வைத்திருக்கும் ரொம்பச் சாதாரண ஆள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு, கிளம்பும்போது டாக்டரின் இரு தோள்களிலும் கையை வைத்துவிட்டுப் போனார். பஜோர் கிரகத்தைப் பல்லாண்டு கசக்கிப் பிழிந்த கார்டாசியர்கள் எல்லோரும் மூட்டை கட்டிய பிறகு, இந்த ஒருவர் மட்டும் ஏன் அங்கேயே கடை நடத்துகிறார்? நாடு கடத்தப்பட்டவர் என்று போகப் போகத் தெரிகிறது. எதற்காக என்பதை மட்டும் தொடர் 1999-இல் முடியும் வரை உறுதியாகச் சொல்லவே இல்லை. என் வேண்டுகோளும் அதுதான். தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். இரண்டாவது சீசனில் 'தி வயர்' என்று ஒரு கதை வருகிறது. கேரக்கின் மூளைக்குள் ஒரு கருவி இருக்கிறது. சித்திரவதையைத் தாங்குவதற்காக, அவர் முன்பு வேலை பார்த்த கார்டாசிய உளவுத்துறை பொருத்தியது. அதைத் தினசரி வாழ்க்கையைத் தாங்குவதற்குப் போட்டுப் போட்டு, கடைசியில் அணைக்காமலேயே விட்டுவிட்டார். இப்போது அது பழுதாகிவிட்டது, ஆள் சாகக் கிடக்கிறார். அந்த நிலையில் நாடு கடத்தப்பட்ட காரணத்தை பஷீரிடம் மூன்று விதமாகச் சொல்கிறார். முதல் கதையில், தப்பியோடிய பஜோர் கைதிகளைப் பிடிப்பதற்காகத் தம் சொந்த மக்கள் இருந்த கப்பலையே தகர்த்துவிடுகிறார். அதில் இருந்த எலிம் என்ற உதவியாளரும் சாகிறார். இரண்டாவதில், பசியிலும் குளிரிலும் நடுங்கும் பஜோர் குழந்தைகளை விசாரிக்க மனம் வராமல் கையில் இருந்த காசைக் கொடுத்து விட்டுவிடுகிறார். கூட இருந்த எலிம் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார். மூன்றாவதில், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பால்ய நண்பன் எலிமின் மேல் பழியைப் போடப் பார்க்கிறார். எலிமோ இவரை முந்திக்கொண்டு இவர் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறார்.

அப்புறம்தான் நமக்குத் தெரிய வருகிறது, எலிம் என்பது வேறு யாரும் இல்லை. கேரக்கின் முதற்பெயரே எலிம்தான்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த மூன்று கதைகளையும் திரும்பப் பாருங்கள். ஒன்றில் அவர் தன்னையே கொல்கிறார். ஒன்றில் இரக்கப்பட்டவரும் அவர்தான், இவன் இப்படிப் பண்ணிவிட்டானே என்று முகம் சுளித்தவரும் அவர்தான். இன்னொன்றில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறார். நடந்தது என்ன என்பதை இந்தக் கதைகள் சொல்லவில்லை. அந்த மனிதர் தன்னை என்னவாக நினைக்கிறார் என்பதை இவற்றைவிட நன்றாகச் சொல்ல முடியாது. நாளைக்கு நீங்கள் ஒரு புதுத் தொடரில் பத்து நிமிட ஃப்ளாஷ்பேக் வைத்து 'உண்மையில் நடந்தது இதுதான்' என்று காட்டினால், இந்த மூன்றும் வெறும் தப்பான விடைகளாகிவிடும்.

பஷீர் ஒருமுறை கேரக்குக்கு நம் 'புலி வருது' கதையைச் சொல்வார் (அங்கே புலிக்குப் பதில் ஓநாய்). பொய் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது டாக்டரின் பாடம். ஒரே பொய்யை இரண்டு தடவை சொல்லக்கூடாது என்பது தையற்காரர் கற்ற பாடம். இந்த ஆளுக்கு விக்கிப்பீடியா மாதிரி ஒரு வாழ்க்கை வரலாறு எழுதப் போகிறீர்களா?

முன்கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரக்கின் முன்கதை தொடரில் நிறையவே இருக்கிறது. ஆனால் அவர் கைகளில் இருக்கிறது. 1995-இல் வந்த 'தி டை இஸ் காஸ்ட்' கதையில், உளவுத்துறையில் தம் பழைய எசமானான எனாப்ரன் டெயினின் கட்டளைப்படி, தன் இனத்தைப் பிரிந்து வாழும் நிலையப் பாதுகாப்பு அதிகாரி ஓடோவைச் சித்திரவதை செய்கிறார். செய்யத் தெரிந்த கை, செய்யப் பிடிக்காத முகம். எதையாவது சொல்லித் தொலை என்று கேரக்கே கெஞ்சும் கட்டம் வருகிறது. என் இனத்தாரிடம் போக வேண்டும் போலிருக்கிறது என்று ஓடோ கடைசியில் ஒப்புக்கொள்கிறார். கேரக்கின் ஏக்கமும் அதேதான். உளவுத்துறையில் அவர் கழித்த வருடங்கள் எல்லாம் அந்த ஒரு அறைக்குள் வந்துவிடுகின்றன.

அதே டெயின் 1997-இல் ஒரு சிறைமுகாமில், கண் பார்வையும் போய், சாகக் கிடக்கிறார். நாம் இருவரும் தனியாகத்தானே இருக்கிறோம் என்று கேட்கிறார். பக்கத்தில் பஷீர் நிற்கிறார். ஆமாம் என்கிறார் கேரக். அந்தப் பொய்க்குப் பிறகுதான், சின்ன வயதில் ஒரு நாள் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன் என்று அப்பன் மகனை மகனாக ஒப்புக்கொள்கிறார். உண்மை வெளியே வருவதற்கே ஒரு பொய் தேவைப்படுகிறது. ஃப்ளாஷ்பேக் ஒன்றும் இல்லை, படுக்கையும் இரண்டு முகங்களும்தான்.

சரி, முன்கதையை ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டாரே என்பீர்கள். எழுதினார்தான். கேரக்காக நடித்த ஆண்ட்ரூ ராபின்சனே 2000-இல் 'எ ஸ்டிச் இன் டைம்' என்ற நாவலில் குழந்தைப் பருவம் முதல் எல்லாவற்றையும் எழுதினார். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஏன் தெரியுமா? அந்த நாவல் கேரக் பஷீருக்கு எழுதும் கடிதமாக இருக்கிறது. பேசுவது அவரே. ஆகவே நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். கேமராவிடம் அந்தச் சலுகை கிடையாது. கேமரா காட்டிவிட்டால் அது நடந்ததுதான்.

பக்கத்து வீட்டில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஹெல்மெட் போட்ட கூலி வேட்டைக்காரன் போபா ஃபெட் பேசியது நாலே வசனம், முகத்தையும் காட்டவில்லை. அதனாலேயே பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்தது. 2002-இல் அவனுடைய குழந்தைப் பருவத்தைக் காட்டினார்கள். ஹெல்மெட்டுக்குள் இருந்த பயம் எனக்கு அன்றோடு போயிற்று.

நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் இருக்கிறது. 2024-இல் 'லோயர் டெக்ஸ்' கார்ட்டூனில் வேறு பிரபஞ்சங்களைச் சேர்ந்த கேரக்கையும் பஷீரையும் தம்பதியாகவே காட்டினீர்கள். பழைய குரல்களைக் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வேறு பிரபஞ்சம் என்று சொல்லிவிட்டதால் நம் கேரக்கின் பழைய கணக்கு எதுவும் தீர்க்கப்படவில்லை. தோளில் கை வைத்த அந்த முதல் நாளுக்கு அது பதிலா, இல்லையா என்பது பார்க்கிறவர் பாடு. இந்த அளவுக்கு விளையாடுங்கள், தாராளமாக.

அப்படியும் நாடு கடத்தலைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால், ஒரு மேசை போடுங்கள். எதிரே பஷீர் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். கேரக் தன் வாயாலேயே புதுசாக இன்னொரு காரணம் சொல்லட்டும். அதிலும் எலிம் என்று ஒருவன் வரட்டும்.

இப்படிக்கு,
அந்த மூன்று காரணங்களையும் நம்பிய ஒரு ரசிகன்