இருநூறு என்று எழுதும் முன்

அன்பு மகளுக்கு,

கூடலூரில் மழை விட்டதா? போனில் நீ கேட்டதற்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) பிள்ளைகளுக்கு டி.சி.டி. (மூளை நாளங்களில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலையால் அளக்கும் சோதனை) பார்க்கும்போது மெஷின் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்றாய். எங்கே வைத்து, எந்த நிலையில் எடுத்தாய் என்று உன்னால் சொல்ல முடிகிற அளவுக்கு நம்பலாம்.

1998இல் வந்த 'ஸ்டாப்' ஆய்வை மறக்காதே. சராசரி வேகம் வினாடிக்கு 200 செ.மீ.யோ அதற்கு மேலோ இருந்த 130 பிள்ளைகள். தொடர்ந்து ரத்தம் ஏற்றிய 63 பேரில் ஒருவருக்குத்தான் பக்கவாதம் வந்தது, ஏற்றாத 67 பேரில் 11 பேருக்கு. அந்த எண்ணை நீ எழுதினால் பிள்ளைக்கு மாதா மாதம் ரத்தம், அதனால் உடம்பில் சேரும் இரும்பு, அதை இறக்க மருந்து. தப்பாக எழுதினால் வீண் வதை. தவறவிட்டால் ஒரு பக்கம் விழுந்துவிடும்.

பிள்ளை விழித்திருக்க வேண்டும். தூங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், மூளையின் சிறு நாளங்கள் விரியும், வேகம் கூடிவிடும். தேம்பி அழுதால் நேர்மாறு, எண் இறங்கும். அதனால் மயக்க மருந்து கூடவே கூடாது. அந்த ஊர்க் குளிருக்கு ஜெல் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வை. சில்லென்று பட்டால் அழுகை அங்கேயே ஆரம்பித்துவிடும். காய்ச்சல், வலி வந்த நாளில் பார்க்காதே, எண் பொய்யாக ஏறியிருக்கும். ரத்தம் ஏற்றிய கையோடும் பார்க்காதே, பொய்யாக இறங்கியிருக்கும்.

தலையில் வைக்கும் ப்ரோப் 2 மெகாஹெர்ட்ஸ். 1982இல் ஆஸ்லிட் என்ற ஆராய்ச்சியாளர் மண்டையோட்டின் வழியே முதலில் கேட்டதும் அதே அலைவரிசையில்தான். அதற்கு மேலே போனால் எலும்பே அலையைத் தின்றுவிடும். கன்ன எலும்புக்கு மேலே, காதுக்குச் சற்று முன்னால் எலும்பு மெலிந்த இடம்தான் ஜன்னல். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துத் தேடு, அழுத்தாதே.

வைப்பதற்கு முன் தலையின் அகலத்தைக் காலிப்பரால் அள. 13 செ.மீ. என்றால் நடுக்கோடு 65 மி.மீ. ஆழத்தில். அதைத் தாண்டிக் கேட்பது மறுபக்கத்து நாளம். முதலில் கழுத்து வழியே மூளைக்கு ஏறும் கரோட்டிட் நாளம் மண்டைக்குள் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பிடி. திரையில் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் அலை வரும், பட்டாம்பூச்சி மாதிரி. ப்ரோப்பை நோக்கி வருவது எம்.சி.ஏ. (மூளையின் நடு நாளம்), விலகிப் போவது ஏ.சி.ஏ. (முன் நாளம்). அங்கிருந்து வெளிப்பக்கமாக 2 மி.மீ. 2 மி.மீ.யாக எம்.சி.ஏ. முழுவதும் நடந்து வா. குறுகல் சில மில்லிமீட்டருக்குள் ஒளிந்துகொள்ளும், 5 மி.மீ. தாண்டிக் குதித்தால் 210 இருக்கிற இடத்தை விட்டுவிட்டு 160ஐ எழுதுவாய். காதைத் தீட்டிக்கொள், வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். பி.சி.ஏ.வும் (பின் நாளம்) ப்ரோப்பை நோக்கி வரும், ஏமாறாதே. அது பின்பக்கம் சாய்த்தால்தான் கிடைக்கும், வெளிப்பக்கமாக எம்.சி.ஏ. போலத் தொடர்ந்து வராது.

பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்: 200 என்பது உச்ச வேகம் அல்ல. அலையின் மேல்விளிம்பை இதயத் துடிப்பு முழுவதும் சராசரி எடுத்த எண். உச்சம் 210, துடிப்பின் கடைசியில் 105 என்றால் சராசரி ஏறக்குறைய 140தான். அந்தப் பிள்ளைக்குப் போய் 210 என்று எழுதலாமா? நாளத்தைப் படமாகவும் காட்டும் மெஷினில் 'டாமேக்ஸ்' என்று வருவதை எடு, அந்த மேல்விளிம்புச் சராசரி அதுதான்; 'டாமீன்' வேறு கணக்கு, குறைத்துக் காட்டும். அலை நாளத்தைத் தொடும் கோணத்துக்கான திருத்தமும் வேண்டாம், ஆய்வின் எல்லைகள் திருத்தாத எண்ணுக்கு வைத்தவை. படம் காட்டும் மெஷினில் எண் சற்றுக் குறைந்தே வருவதால் அங்கே எல்லை 185 என்று வைப்பார்கள். எந்த மெஷின் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுது. மெஷின் தானாக வரையும் விளிம்பை நம்பாதே. கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமானால் இரைச்சலின் மேல் ஏறிக்கொள்ளும், சிக்னல் மெலிந்தால் அலைக்குள்ளேயே புதைந்துவிடும். சந்தேகம் வந்தால் கர்சரைக் கையால் வை.

எம்.சி.ஏ. கிடைக்கவே இல்லை என்றால் உடனே 'ஜன்னல் இல்லை' என்று எழுதாதே. அதே இடத்தில் ஏ.சி.ஏ.யோ பி.சி.ஏ.யோ தெளிவாகக் கேட்கிறதா பார். கேட்டால் ஜன்னல் திறந்துதான் இருக்கிறது, நாளம்தான் அடைத்திருக்கலாம். அந்த நேரமே டாக்டரிடம் சொல், எம்.ஆர்.ஐ. வரைக்கும் போக வேண்டிய விஷயம். எம்.சி.ஏ. வேகம் 70க்குக் கீழே விழுந்தாலும் அப்படித்தான். குறைந்த எண்ணைப் பார்த்து நிம்மதிப்படுவது இந்த வேலையில் ஆபத்து.

170க்குக் கீழே என்றால் வருடம் ஒருமுறை. 170லிருந்து 199 வரை என்றால் சில மாதத்திலேயே திரும்பக் கூப்பிடு. 200 தொட்டாலே தள்ளிப்போடாமல் இன்னொருமுறை பார்த்து உறுதி செய். மறு தேதி குறிக்கும்போது அம்மாவிடம் கேட்டுக் குறி. தேயிலைக் கூலி போகிற நாளில் தேதி கொடுத்தால் வர மாட்டார்கள், 185 இருந்த பிள்ளை அடுத்த வருடம்தான் கண்ணில் படும்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அம்மா