வேடிக்கையாகப் பேச வராது என்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

எழுதிவைத்த வசனம் எதுவுமில்லாமல் அந்தந்தக் கணத்தில் தோன்றுவதைப் பேசி நடிக்கும் இம்ப்ராவ் விளையாட்டுகளை நண்பர்களோடு ஆடிப் பார்த்ததாகவும், இரண்டு பேர் மட்டுமே கடைசிவரை பேசித் தீர்த்ததாகவும், மற்ற ஐவர் சுவரோரம் ஒதுங்கிவிட்டதாகவும், அந்த ஐவரில் நீயும் ஒருவன் என்றும் எழுதியிருந்தாய். "எனக்கு வேடிக்கையாகப் பேச வராது, அண்ணா" என்று முடித்திருந்தாய். இதே வரியை வேறு பலரும் என்னிடம் சொல்லியிருப்பதால், உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் அன்று ஆடியதில் விளையாட்டே இருக்கவில்லை என்பது என் எண்ணம். "இருவர் எழுந்து நின்று ஏதாவது நடியுங்கள்" என்று சொன்னால், ஏற்கெனவே வாய்ச்சாலகம் உள்ளவர் பேசுவார், மற்றவர் விழிப்பார். இந்த விளையாட்டுகளில் பலவற்றுக்கு மூலவரான வயோலா ஸ்போலின் (1906–1994) சிகாகோவில் 1930களின் இறுதியில் அரசு பொழுதுபோக்குத் திட்டமொன்றில் நாடகம் சொல்லிக்கொடுத்தபோது, அவரிடம் வந்தவர்கள் மேடையையே அறியாத சாதாரண மனிதர்கள். நடிப்பைப் பற்றி விரிவுரை நிகழ்த்தாமல், அவர்கள் தீர்க்க வேண்டிய சிறிய சிக்கல் ஒன்றை ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் வைத்தார். கவனம் முழுவதும் அந்தச் சிக்கலில் இருக்கும்போது கூச்சப்படுவதற்கு மனத்தில் இடம் இருப்பதில்லை. அவருடைய மகன் பால் சில்ஸ், 1959இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட செகண்ட் சிட்டி என்னும் நகைச்சுவை அரங்கின் நிறுவனர்களுள் ஒருவர். தொழில்முறை இம்ப்ராவ் அங்கிருந்துதான் வேகமாகப் பரவியது. ஆகவே அடுத்த முறை யாரையும் சிரிக்க வைக்கச் சொல்லாதே. விதி ஒன்றைக் கொடு. அதைக் காப்பாற்றப் படும் பாட்டிலேயே சிரிப்பு வந்துவிடும்.

முதலில் ஆட வேண்டியது, ஆளுக்கொரு சொல்லாகக் கதை சொல்லும் ஆட்டம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல, அடுத்தவர் அடுத்த சொல்லைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஆங்கிலத்தில் ஆடுவதைப் பார்த்துவிட்டு அப்படியே தமிழில் ஆடத் தொடங்கியபோது, எங்கள் குழுவில் ஒரு வாக்கியம் நான்கு சுற்று வந்தும் முடியவில்லை. காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. "நேற்று", "கிழவர்", "குடையை", "விரித்து", "அதற்குள்", "உட்கார்ந்து", "கண்ணை", "மூடி" என்று எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போகலாம். முற்றுவினையை யாராவது துணிந்து சொல்லும்வரை கதையில் எதுவுமே நடந்து முடிவதில்லை. அந்தத் துணிவு எல்லோருக்கும் எளிதில் வராது. வாக்கியத்தை முடிப்பவரே கிழவருக்கு என்ன ஆயிற்று என்பதைத் தீர்மானிக்கிறார். அன்று எங்களில் மிகவும் அமைதியானவர், வேறு வழியின்றி, "பறந்தார்" என்றார். அறையே அதிர்ந்தது. யோசித்துப் பார்த்தால், குடைக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிய கிழவர் வேறென்ன செய்திருக்க முடியும்? அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எதிரில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் ஐந்து எச்சங்களுக்கு மேல் கூடாது என்று விதி வைத்துக்கொள். ஆறாவதாக எச்சம் சொல்ல நேர்பவர் முற்றுவினை சொல்லியே தீர வேண்டும்.

இம்ப்ராவின் மற்றொரு முன்னோடியான கீத் ஜான்ஸ்டன் (1933–2023) வலியுறுத்திய செய்தியும் இதுவே: புத்திசாலித்தனமாக எதையும் தேடாமல், உனக்கு வெளிப்படையாகத் தோன்றுவதைச் சொல். ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றுவது இன்னொருவருக்குத் தோன்றியே இராது. வேடிக்கை அங்கேதான் பிறக்கிறது. லண்டனில் பணியாற்றிப் பின் கனடாவின் கால்கரிக்குக் குடிபெயர்ந்த அவர், இரு அணிகள் மோதும் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் என்ற போட்டி வடிவத்தை 1977இல் அங்கே தொடங்கினார். தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளில் கூட்டம் ஆர்ப்பரிப்பதைப் பார்த்து அந்த எண்ணம் அவருக்குத் தோன்றியதாம். வீட்டுக் கூடத்துக்கு அந்த ஆர்ப்பாட்டமெல்லாம் தேவையில்லை.

உடன் நடிப்பவர் சொன்னதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்ற விதியை நீ கேள்விப்பட்டிருப்பாய்; "ஆமாம், அதோடு" என்று நாங்கள் அதை அழைக்கிறோம். அதன் அருமையை நான் தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு காட்சியில் என் நண்பர் பதற்றத்தோடு ஓடி வந்து, "டாக்டர், என் நிழல் தொலைந்துவிட்டது" என்றார். நான், "டாக்டரா? நான் தச்சன் ஐயா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்; எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் நண்பரின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மருத்துவர் போனார், நிழலும் போயிற்று, அவர் நடுக்கூடத்தில் வெறுமனே நின்றார். "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் கூடப் பத்து நிமிடக் காட்சி கிடைத்திருக்கும். உன் கூட்டத்தில் பேசித் தீர்த்த அந்த இருவரையும் இந்தக் கண்ணோடு கவனித்துப் பார். அவர்களுடைய சிரிப்புகளில் எத்தனை இப்படி அடுத்தவரின் கையிலிருந்து பறித்தவை என்பது தெரியும்.

எழுத்து வரிசை ஆட்டம் தமிழுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளையும் கடப்பதற்குள் காட்சி சலித்துவிடும். நமக்கு உயிரெழுத்து 12, காட்சிக்கு அதுவே சரியான அளவு. ஒவ்வொரு வசனமும் அடுத்த உயிரெழுத்தில் தொடங்க வேண்டும். நின்றுபோன லிஃப்டில் இருவர் என்று வைத்துக்கொள்.

"அசையவே மாட்டேன் என்கிறதே!"

"ஆபத்துப் பொத்தானை நான் அழுத்தியிருக்கக் கூடாதோ?"

"இதை எப்போது அழுத்தினீர்கள்?"

"ஈ ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருந்தது."

நான்காவது வரியைச் சொன்னவர் நகைச்சுவையாளர் அல்லர். ஈகாரத்தில் அவருக்கு வேறு சொல் அகப்படவில்லை.

கேள்விகளால் மட்டுமே பேச வேண்டும் என்ற ஆட்டத்தைத் தமிழில் அப்படியே ஆடினால் கெட்டுவிடும். எந்தச் சொல்லின் கடைசியிலும் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் கேள்வியாகிவிடும் வசதி நமக்கு இருக்கிறதே! "வந்தாயா", "அப்படியா", "நானா" என்று நாள் முழுவதும் தோற்காமல் ஆடலாம். ஆகார வினாவைத் தடைசெய்துவிட்டு, யார், எங்கே, எதற்கு, எவ்வளவு என்ற வினாச்சொற்களை மட்டும் அனுமதித்துப் பார். ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பதே சாதனையாகிவிடும். இதன் தம்பி அந்தாதி ஆட்டம்: எதிராளி முடித்த சொல்லில்தான் உன் வசனம் தொடங்க வேண்டும். கடைசிச் சொல் வரும்வரை காது கொடுத்தே ஆக வேண்டியிருப்பதால், அடுத்தவர் பேசும்போது தன் முறைக்காக மட்டும் காத்திருப்பவர்களை இது ஒரே நாளில் திருத்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது படிநிலை ஆட்டம். யார் மேலே, யார் கீழே என்பது மனிதர்களின் ஒவ்வொரு பேச்சிலும் மாறிக்கொண்டிருப்பதைக் காட்ட, தலையை அசைக்காமல் பேசுவது, முகத்தைத் தொட்டுக்கொண்டே பேசுவது போன்ற உடல் குறிப்புகளை ஜான்ஸ்டன் பயன்படுத்தினார். நம்மிடம் அவற்றோடு நீ, நீர், நீங்கள், தாங்கள் என்ற ஏணியும் இருக்கிறது. முதலாளி வேலையாளை "நீ" என்றும் வேலையாள் அவரை "தாங்கள்" என்றும் தொடங்கட்டும். மூன்று நிமிடத்துக்குள், காரணத்தைக் காட்சிக்குள்ளேயே உண்டாக்கி, ஒவ்வொரு படியாக இருவரும் இடம் மாற வேண்டும். "நீ" முதன்முறையாக "நீர்" ஆகும் இடத்தில் பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

கூட்டம் கலையும் முன், ஒரே காட்சியைச் சுருக்கிச் சுருக்கி நடிக்கும் ஆட்டத்தை வைத்துக்கொள். முதலில் 60 விநாடி, பின் அதையே 30இல், பின் 15இல், பின் 7இல். கடைசிச் சுற்றில் ஓட்டமும் விழுதலும் மட்டுமே மிஞ்சும். அதற்குத் திறமையே தேவையில்லை.

நடத்துவதைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒருவர் வெளியே நின்று காட்சி உச்சத்தில் இருக்கும்போதே கைதட்டி முடிக்க வேண்டும். நீண்டுகொண்டே போகும் காட்சியைப் போல ஆட்டத்தைக் கொல்வது வேறொன்றும் இல்லை. உறுப்பினர் ஒருவரின் உண்மையான உடல், காதல், கடன் ஆகியவற்றைக் காட்சிக்குள் இழுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடு. நடிக்க மனமில்லாதவரிடம் கடிகாரத்தைக் கொடு. இரண்டாம் வாரத்தில் அவரே எழுந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் ஆளுக்கொரு சொல் கதையையும் உயிரெழுத்து ஆட்டத்தையும் மட்டும் ஆடிவிட்டு எழுது. ஔகாரம் வந்ததும் எங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் ஔவையோ ஔடதமோதான் காட்சிக்குள் வருகிறார்கள். உன் நண்பர்களுக்கு மூன்றாவது சொல் ஒன்று அகப்பட்டால், அதையும் கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடு.

அன்புடன்,
அண்ணன்