நம் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை: மூலிகை ஐஸ் டீக்கு ஒதுக்கிய ஆண்டு

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் கூட்டம் நடந்தது, தீர்மானம் போட்டோம், நன்றி என்று ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பல விஷயங்களைத் தொட்டுவிட்டு ஓடாமல், தோட்டத்து மூலிகைகளைப் பறித்து ஐஸ் டீ போடுவது என்ற ஒரே வேலையில் இந்த ஆண்டு முழுக்க நின்றோம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் “என்னதான் கற்றுக்கொண்டீர்கள், எழுதியாவது போடுங்கள்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

போன பொதுக்குழுவில் எழுந்த ஒரு கேள்வியில் இருந்து இது தொடங்கியது. எல்லார் தொட்டியிலும் புதினா தளதளவென்று வளர்கிறது, துளசி இருக்கிறது, எலுமிச்சைப்புல் புதர் மாதிரி நிற்கிறது, ஆனால் பறித்து என்ன செய்வது என்று தெரியாமல் பாதி முற்றி, பூத்து, காய்ந்து போகிறது. வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிற சங்கம் குடிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

முதலில் தோட்ட வேலை. ஐஸ் டீயின் மணம் அடுப்பில் வருவதில்லை, இலையிலேயே இருக்கிறது. புதினா இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் மேல்தோலில் குட்டிக்குட்டியாக எண்ணெய்ப் பைகள் தெரியும், இலையைத் தொட்டதும் வாசம் கையில் ஒட்டிக்கொள்வது அவை உடைவதால்தான். இந்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதனால் காலையில் பனி உலர்ந்து வெயில் ஏறுவதற்கு முன் பறிப்பது நல்லது. மொட்டு விடும் முன்பே கிள்ளுவதும் முக்கியம், பூக்க ஆரம்பித்ததும் திருநீற்றுப்பச்சிலை போன்றவற்றில் இலை கடுத்துப்போகும். கிள்ளும்போது தனித்தனி இலையாகப் பறிக்காமல், கணுவுக்கு மேலே கொழுந்தோடு சேர்த்துக் கிள்ளினால் அந்தக் கணுவில் இரண்டு கிளை வெடிக்கும், செடியும் அடர்ந்து வரும். ஒரே நேரத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

பெப்பர்மின்ட் என்ற புதினா வகை விஷயத்தில் நிறைய பேர் விதை வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். அது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட் என்ற இன்னொரு புதினாவும் கலந்து உண்டான கலப்பினம், மலட்டுச் செடி. விதையில் இருந்து அசல் பெப்பர்மின்ட் வராது, குச்சியோ வேர்த்தண்டோ வைத்துத்தான் பெருக்க வேண்டும். நம் செடிப் பரிமாற்ற நாளில் குச்சிகள் கொடுத்தது இதற்காகத்தான். புதினா எதுவானாலும் தனித் தொட்டியில் வையுங்கள், நிலத்தில் விட்டால் பக்கத்துச் செடிகளை அமுக்கிவிடும்.

இப்போது டிகாஷன். சுவைப்பயிற்சியில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது மிக எளிமையான ஒரு சோதனை. ஒரே செடியின் புதினா, ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம், இரண்டு பாத்திரம். ஒன்றை மூடி வைத்தோம், இன்னொன்றைத் திறந்தே விட்டோம். திறந்து வைத்த பாத்திரத்தின் பக்கம் நின்றவர்களுக்கு அறை முழுக்க அருமையான வாசம். ஆனால் வடிகட்டி ஆறவைத்துக் குடித்தபோது அதில் இலைத்தண்ணீர் ருசிதான் மிஞ்சியிருந்தது. அறைக்குள் வந்த வாசமெல்லாம் குவளைக்குள் இருந்திருக்க வேண்டியது. மூடிய பாத்திரத்தைத் திறந்தபோது மூடியின் அடியில் முத்துமுத்தாக நின்ற நீர்த்துளிகளை ஒருவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் இங்கதான் இருக்கு” என்றார். அந்தத் துளிகளையும் தட்டி உள்ளேயே விழ வையுங்கள்.

நேரமும் இலைக்கு இலை மாறும். புதினா, துளசி, லெமன் பாம், லெமன் வெர்பீனா போன்ற மெல்லிய இலைகளுக்கு அடுப்பை அணைத்த பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறினால் போதும், அடுப்பிலேயே கொதிக்க விட்டால் மணம் போய்விடும். எலுமிச்சைப்புல் அப்படியில்லை. தண்டு நார் நிறைந்தது, தட்டி நசுக்கிப் போட்டு மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் கொதிக்க வைத்தால்தான் இறங்கும். இஞ்சியும் அதே கதை. ரோஸ்மேரியும் கற்பூரவல்லியும் மிகக் கொஞ்சமாகப் போட வேண்டியவை, நேரம் கூடினால் தைலம் குடிப்பதுபோல் ஆகிவிடும். காய்ந்த இலையானால் பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்கு அளவு சரியாக இருக்கும்.

இந்த ஆண்டு எனக்குப் பட்டதில் முக்கியமானது இதுதான்: ஐஸையும் ஒரு சேர்மானமாகக் கணக்கில் வைத்துத்தான் டிகாஷன் போட வேண்டும். சூடாகக் குடிக்கிற பதத்தில் போட்டு அதில் ஐஸைக் கொட்டுகிறோம், அப்புறம் சப்பென்று இருக்கிறது என்று மூலிகையைக் குறை சொல்கிறோம். கணக்கு எளிது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகவே 80 கலோரி வெப்பம் வேண்டும், உருகிய தண்ணீர் 5 டிகிரிக்கு வர இன்னும் 5 கலோரி. 90 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் டிகாஷனை 5 டிகிரிக்குக் கொண்டுவர அதனிடமிருந்து 85,000 கலோரியை எடுத்தாக வேண்டும், அதாவது சரியாக ஒரு கிலோ ஐஸ். அத்தனையும் தண்ணீராகி டிகாஷனில் கலந்துவிடுகிறது, பானம் இரண்டு லிட்டராகிவிடுகிறது. ஆகவே சூடாக ஊற்றிக் குளிரவைப்பதாக இருந்தால் இலையை இரண்டு மடங்கு போட்டே ஆக வேண்டும். டிகாஷனை முதலில் 30 டிகிரி வரை ஆற விட்டால் 300 கிராம் ஐஸ் போதும், அப்போது இலையும் அவ்வளவு கூட்ட வேண்டியதில்லை. மிஞ்சிய மூலிகை டிகாஷனையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி, உருகினாலும் ருசி குறையாது.

பச்சைத் தண்ணீரில் இலையைப் போட்டு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க ஊறவிடுகிற முறையையும் பார்த்தோம். துவர்ப்பு குறைவாக, மென்மையாக வருகிறது. தேயிலைக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் தோட்டத்து இலையில் மண்ணும் அதோடு வரும் கிருமிகளும் இருக்கும், கொதிநீர் படாததால் அவை சாகாது. அதனால் ஓடும் நீரில் நன்றாக அலசி, சுத்தமான ஜாடியில், ஃப்ரிட்ஜுக்குள் மட்டும் ஊறவிடுங்கள். அடுத்த நாளே குடித்து முடித்துவிடுங்கள். ஜாடியை வெயிலில் வைத்து ஊறவைக்கும் முறையைச் செய்முறையாகக் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. செயற்குழு வேண்டாம் என்று சொன்னது, நானும் அதையே வலியுறுத்தினேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும், வெயிலில் வைத்த ஜாடி மணிக்கணக்காக அதற்குள்ளேயே இருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகச் சங்கத்தின் பெயரில் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

தேயிலையோடு புதினா சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்டது, ஃப்ரிட்ஜில் வைத்ததும் ஏன் கலங்கிப்போகிறது என்று. கெட்டுப்போனதால் அல்ல. தேயிலையில் இருக்கிற காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு நிற்கின்றன, கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். கெட்டியாகப் போட்டு உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் அதிகம் கலங்கும். மூலிகை மட்டும் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

குழந்தைகளுக்கான நாளில் சங்குப்பூதான் நாயகி. நீல டிகாஷனில் எலுமிச்சைச் சாறு சொட்டச் சொட்ட, விழுந்த இடத்தில் ஊதா நூல் ஒன்று இறங்கிப் பரவி முழுக் குவளையும் நிறம் மாறுவதைப் பார்த்து “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று ஒரே கூச்சல். பூவில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறும் என்று சொன்னதும் ஒரு சிறுமி செம்பருத்தியும் அப்படியா என்று கேட்டாள். ஆமாம், அதே வகை நிறமிதான். செம்பருத்தி இனத்தையே சேர்ந்த ரோசெல் என்ற புளிச்சையின் சிவந்த புல்லி இதழ்கள் தாமே புளிப்பானவை, அதனால் எலுமிச்சை இல்லாமலே பளிச்சென்று சிவப்பாக இருக்கின்றன. பச்சை இலைகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சூடாக இருக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் பச்சையம் பழுப்பாகிவிடும். ஆறிய பிறகு பிழியுங்கள்.

இனிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும், சர்க்கரையும் குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் அடியில் நிற்கும். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய பாகை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. சீனித்துளசி வளர்ப்பவர்கள் குவளைக்கு ஓரிரு இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் உள்ள இனிப்புப் பொருள்கள் சர்க்கரையைவிட 200, 300 மடங்கு இனிப்பானவை, அதிகமானால் கடைசியில் ஒரு கசப்பு நாக்கில் தங்கும். ஒரு கூட்டத்தில் புதினா ஏன் குளிர்கிறது என்று பேச்சு போனது. புதினாவில் உள்ள மென்தால் என்ற பொருள் நம் நரம்புகளில் உள்ள குளிர் உணரியைத் தூண்டுகிறது, வெப்பநிலை குறையாமலே குளிர்கிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது. அந்த உணரியை 2002-இல் கண்டறிந்த குழுக்களை நடத்திய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் உணரிகளைக் கண்டறிந்ததற்காக 2021-இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். நம் தொட்டியில் இருக்கிற செடிக்கு அந்த ஆராய்ச்சியில் ஒரு பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெயர் உறுதியாகத் தெரியாத செடியைக் குடிக்காதீர்கள். ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச் செடியின் இலையைக் காம்ஃப்ரி என்ற மூலிகை என்று நினைத்துக் காய்ச்சிக் குடித்து உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள், அந்தக் காம்ஃப்ரியே கல்லீரலுக்குக் கெடுதல். புதினா குடும்பத்திலேயே பென்னிராயல் என்ற செடி இருக்கிறது, வாசம் புதினா போலவே வரும், அதில் உள்ள புலிகோன் என்ற பொருள் கல்லீரலைத் தாக்கும். அரளி நிற்கிற இடத்தில் பூப்பறிக்கக் குழந்தைகளை அனுப்பாதீர்கள். பூச்சிமருந்து அடித்த செடி, அலங்காரத்துக்கு விற்கிற பூ இரண்டும் கூடாது. அப்புறம், நம் சங்கத்தின் கூட்டங்களில் இந்தப் பானங்களை எந்த நோய்க்கும் மருந்தாகச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். செயற்குழுவில் காலியான இடம் நிரப்பப்பட்டது. விதை வங்கி நன்றாக நடக்கிறது, ஆனால் வாங்கிச் செல்பவர்கள் அறுவடையில் கொஞ்சம் திருப்பித் தர மறக்கிறார்கள், நினைவில் வையுங்கள். சுவைப்பயிற்சிக்கு அடுப்பு, பாத்திரம், ஜாடி எல்லாம் வீட்டில் இருந்து தூக்கி வந்தவர்களுக்கும், எல்லாம் முடிந்த பிறகு கழுவி வைத்துவிட்டுக் கடைசியாகக் கிளம்பியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு யோசனைகளை உங்கள் முன் வைக்கிறது. பரிமாற்ற நாளுக்கு வரும் ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும் எழுதிய அட்டை கட்டாயம், அட்டை இல்லாத செடியை மேசையில் வைக்க மாட்டோம். இரண்டாவது, பொதுத் தோட்டத்தின் நிழல் பக்கம் சும்மா கிடக்கிற பாத்தியைப் புதினா வகைகளுக்கு ஒதுக்குவது, அடியில்லாத வாளிகளைப் புதைத்து அதற்குள் நட்டால் வேர் ஓடாது. குச்சி தர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இந்த இரண்டையும் விவாதித்து முடிவெடுக்கும்படியும், அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படியும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்