நாலாயிரம் இன்வர்ட்டர், ஒரே சான்றிதழ்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி, இங்கும் அப்படியே. கலிஃபோர்னியாவின் ரூல் 21 (சூரிய மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வர்ட்டர் போன்றவற்றை மின் கட்டமைப்பில் இணைப்பதற்கான விதி) வேலை உன் குழுவின் தலையில் விழுந்ததைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. "மின் நிறுவனத்தின் சர்வரிலிருந்து கட்டளையை எடுத்து இன்வர்ட்டருக்குத் தள்ளிவிடுவதுதானே, அதற்கு ஏன் இத்தனை பக்க விதி?" என்று கேட்டிருக்கிறாய். தள்ளிவிடுவது சுலபம்தான். ஆனால் எந்த இன்வர்ட்டர் சொன்னபடி செய்தது, எது செய்யவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் அக்ரிகேட்டர், அதாவது பல இன்வர்ட்டர்களைச் சேர்த்து நடத்தும் உன்னைப் போன்ற இடைநிறுவனம், பதில் சொல்லியாக வேண்டும். சறுக்குகிற இடம் அதுதான்.

முதலில் விதியின் எல்லை. அந்த மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் இதை மூன்று கட்டமாகக் கொண்டுவந்தது. வோல்ட்-வார் (வோல்டேஜைப் பார்த்து, வார் எனும் எதிர்வினைத் திறனைக் கொடுப்பது அல்லது உறிஞ்சுவது) மாதிரி இன்வர்ட்டர் தானே செய்யும் வேலைகள் 2017 செப்டம்பர் 8 முதல் கட்டாயம்; தகவல் தொடர்பு 2020 ஜூன் 22 முதல். கட்டாயம் என்றது தொடர்புகொள்ளும் திறனைத்தான். எல்லா இன்வர்ட்டரும் அன்றே இணைந்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. உன் விற்பனைப் பிரிவு இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

மின் நிறுவனம் இன்வர்ட்டரோடு நேரடியாகப் பேசலாம், கட்டடத்தின் மின் மேலாண்மைப் பெட்டியோடு பேசலாம், இல்லை அக்ரிகேட்டரோடு பேசலாம். மூன்றிலும் மின் நிறுவனத்தின் பக்கம் பொதுவாகப் பேசப்படுவது ஐஇஇஇ 2030.5 என்ற தகவல் தொடர்பு நெறிமுறை. அதில் எதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று இறுக்கிச் சொல்லும் கையேடு சிஎஸ்ஐபி; 2.1 பதிப்பு 2018 மார்ச்சில் வந்தது. அக்ரிகேட்டருக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவில் மோட்பஸ் நெறிமுறை ஓடினாலும் சரி, தயாரிப்பாளரின் கிளவுட் ஓடினாலும் சரி, விதி தலையிடாது. ஆனால் அந்தப் பக்கம் நடக்கும் தாமதத்துக்கும் தவறுக்கும் நீதான் பொறுப்பு.

இனி உன் ஆட்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளப் போகும் இடங்களைச் சொல்கிறேன்.

இணைப்பைப் பூட்டும் நெறிமுறை டிஎல்எஸ் 1.2, இரு பக்கமும் சான்றிதழ் காட்ட வேண்டும். சைஃபராக, அதாவது மறையாக்க முறையாக, கேட்பது ஏஇஎஸ்-128, சிசிஎம்-8 வகை. வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் சாதாரண கிளவுட் லோட் பேலன்சர்கள் பலவற்றுக்கு இது தெரியாது. ஹேண்ட்ஷேக்கிலேயே, அதாவது முதல் அறிமுகத்திலேயே, இணைப்பு அறுந்துவிடும், லாகிலும் உருப்படியாக எதுவும் இருக்காது. பேலன்சரில் டிஎல்எஸ்ஸை முடித்து உள்ளே அனுப்பினாலோ, எதிர்ப்பக்கம் காட்டிய சான்றிதழ் உன் நிரலுக்குத் தானாக எட்டாது. எட்டவில்லை என்றால் பேசுவது யார் என்று தெரியாது. இதற்கென்று தனி வாசல் வைத்துவிடு. சோதனைச் சான்றிதழும் நிஜச் சான்றிதழும் வேறு வேறு வேர்ச் சான்றிதழிலிருந்து வருகின்றனவா என்றும் முன்னதாகவே கேட்டு வை.

அடுத்தது அடையாளம். சான்றிதழின் ஷா-256 கைரேகையில் (சான்றிதழிலிருந்து கணக்கிடும் 256 பிட் சுருக்கம்) இடப்பக்கம் 160 பிட்டை வெட்டி எடுத்தால் எல்எஃப்டிஐ, நீள அடையாள எண். அதிலேயே முதல் 36 பிட்டை பதின்ம எண்ணாக்கிச் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைச் சேர்த்தால் எஸ்எஃப்டிஐ, குறுகிய அடையாள எண். 16726121139 என்று வந்ததாக வை. இலக்கங்களைக் கூட்டினால் 39, பத்தின் மடங்காக்க 1 வேண்டும், ஆகவே 167261211391. சுழியத்தில் தொடங்கும் எண்ணைப் பாதுகாக்காமல் எக்செல்லில் ஒட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

டிஎல்எஸ்ஸில் காட்டுவது அக்ரிகேட்டரின் ஒரே சான்றிதழ்தான். அதற்குக் கீழே 4,000 இன்வர்ட்டர் இருந்தால் 4,000 தனித்தனி அடையாள எண்கள் மின் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்க வேண்டும். பழுதான இன்வர்ட்டரைக் கழற்றிப் புதிது மாட்டும்போது பழைய பதிவை நீக்க யாரும் நினைப்பதில்லை. பேயாக அது பட்டியலிலேயே கிடக்கும். அந்த ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து தெருக்களுக்குப் போகும் மின்தடத்தில்) இல்லாத திறனை இருப்பதாக நம்பி மின் நிறுவனம் கணக்குப் போடும். கழற்றல், மாட்டல் இரண்டையும் ஒரே வேலைச்சீட்டில் கட்டிவிடு.

பட்டியல் என்றதும் நினைவு வருகிறது. இந்த நெறிமுறையில் ஒரு பட்டியலைக் கேட்டால், எத்தனை வேண்டும் என்று சொல்லாதவரை ஒன்றே ஒன்றுதான் வரும். 4,000 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இன்வர்ட்டரைப் பார்த்துவிட்டு சர்வரைக் குறை சொல்வார்கள். பதிலில் மொத்தம் எத்தனை, இப்போது வந்தது எத்தனை என்று இரண்டு எண்ணும் இருக்கும். அவற்றைப் பார்த்து, பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எண்களிலும் இரண்டு பொறிகள் உண்டு. திறன் உச்சவரம்புக் கட்டளையில் 6000 என்று வந்தால் அது 6,000 வாட் கிடையாது. சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு அதன் அலகு, ஆக 60%. எதில் 60%? இன்வர்ட்டரில் அமைத்து வைத்த உச்சத் திறனில். 7.6 கிலோவாட் என்று அமைத்திருந்தால் 4,560 வாட். நிறுவியவர் பின்னால் வந்து அந்த அமைப்பை மாற்றினால், புதிய மதிப்பை உடனே மேலே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு 60%. இரண்டாவது பொறி: திறன் 16 பிட் எண்ணாகப் போகிறது, உச்சம் 32767. எனவே 50,000 வாட்டை 5000 என்றும் பெருக்கி 1 (பத்தின் அடுக்கு, அதாவது பத்தால் பெருக்கு) என்றும் பிரித்து எழுத வேண்டும். வாசிக்கும்போது பெருக்கியை மறந்தால் 50 கிலோவாட் இன்வர்ட்டர் ஐந்து கிலோவாட்டாகச் சுருங்கிவிடும்.

கட்டளைகள் குழுக்களுக்கு வரும். முழு அமைப்பு, துணை மின்நிலையம், ஃபீடர், தெரு டிரான்ஸ்ஃபார்மர் என்று அடுக்கடுக்காக. ஒரே இன்வர்ட்டர் பல குழுவில் இருக்கும். ஒரே வகைக் கட்டளைகள் இரண்டு மோதினால் முன்னுரிமை எண் சிறியதாக இருப்பதே வெல்லும். பெரிய எண்ணே பெரியவர் என்று தலைகீழாக எழுதி வைத்துவிடாதே.

தொடக்க நேரத்தைச் சிதறடிக்கும் அளவும் கட்டளையோடு வரலாம், ஒரு மணி நேரம் வரை. அந்த அளவுக்குள் ஒரு தற்செயல் நேரத்தை ஒவ்வொரு இன்வர்ட்டருக்கும் தனியாகக் குலுக்கி எடுக்க வேண்டும். மொத்தத்துக்கும் ஒரே முறை குலுக்கினால் 4,000 இன்வர்ட்டரும் ஒரே நொடியில் குதிக்கும். ஜெர்மனியில் பழைய கூரை இன்வர்ட்டர்கள் எல்லாம் கிரிட்டின் அலைவெண் 50.2 ஹெர்ட்ஸுக்கு ஏறினால் ஒன்றாக அணையும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒரே புள்ளியில் அத்தனையும் விழுந்தால் கிரிட் தாங்காது என்பதால் 2012-இல் சட்டம் போட்டு லட்சக்கணக்கில் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. தவறாகக் குலுக்கும் மென்பொருள் அதையே சின்ன அளவில் செய்கிறது.

நேரத்துக்கு மின் நிறுவனத்தின் சர்வர் சொல்லும் கடிகாரத்தையே எடுத்துக்கொள், உன்னுடையதை அல்ல. தொடங்கும் நொடி வரை காத்திருந்து கட்டளை அனுப்பும் வடிவமைப்பு உதவாது. தயாரிப்பாளரின் கிளவுட் எப்போது விழித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அட்டவணையோடு முன்னதாகவே இன்வர்ட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. புதுத் தகவலுக்குச் சந்தா முறை உண்டு, அக்ரிகேட்டருக்கு அதுதான் ஏற்றது. சர்வர் உன்னைக் கூப்பிட உன் பக்கமும் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். நாளுக்கொரு முறை சந்தாவைப் புதுப்பி. அதை நம்பி அவ்வப்போது போய்ப் பார்ப்பதை விட்டுவிடாதே. சத்தமில்லாமல் செத்துப்போன சந்தா, கட்டளையே வராத அமைதியான நாள் மாதிரியேதான் தெரியும்.

பதில் குறியீடுகள்: 1 கிடைத்தது, 2 தொடங்கியது, 3 முடிந்தது, 6 ரத்து, 7 வேறொரு கட்டளை மேலேறியது. இவை ஒவ்வொரு இன்வர்ட்டருக்கும் தனித்தனியாக மின் நிறுவனத்துக்குப் போக வேண்டும், அந்த இன்வர்ட்டரின் எல்எஃப்டிஐயைச் சுமந்து. உன் எல்எஃப்டிஐயைப் போட்டால் ஒரே பெட்டி 4,000 முறை பதில் சொன்ன மாதிரி ஆகும். இன்வர்ட்டர் ஒப்புக்கொள்ளும் முன்பே வரிசையில் போட்ட கையோடு 2 அனுப்புகிற மென்பொருள் இருக்கிறது. டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், ஃபீடரில் வோல்டேஜ் இறங்கியிருக்காது. இதை நான் பொய் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக, நீ கேட்காத கேள்வி: இணைப்பே அறுந்தால்? கையில் இருக்கும் அட்டவணையை முடித்துவிட்டு இன்வர்ட்டர் இயல்புநிலை அமைப்புக்குத் திரும்ப வேண்டும். ஆகவே அந்த அமைப்பு இன்வர்ட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும், உன் கிளவுடில் இருந்து பயனில்லை. ரூல் 21-இன் இயல்பு வோல்ட்-வார் வளைவை 240 வோல்ட்டில் போட்டுப் பார்: 232.1 முதல் 247.9 வரை சும்மா இருக்கும். அதற்கு மேல் வாரை உறிஞ்சத் தொடங்கி 256.8-இல் 30% எட்டும். கீழ்ப்பக்கம் 220.8-இல் 30% வார் கொடுக்கும். வோல்டேஜ் ஏற ஏற உற்பத்தியைக் குறைக்கும் வோல்ட்-வாட் 254.4-இல் தொடங்கி 264-இல் உற்பத்தியைச் சுழியமாக்கும். நிறுவும்போது தவறான கிரிட் புரொஃபைலை (ஊருக்கேற்ற அமைப்புத் தொகுப்பை) தேர்ந்துவிட்டால் இவை எதுவுமே இயங்காது. மேலே எல்லாம் பச்சையாக இருக்கும் என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பட்டியலில் சேர்க்குமுன் ஒவ்வொரு இன்வர்ட்டரிலிருந்தும் வளைவின் நான்கு புள்ளிகளையும் திருப்பி வாசித்துச் சரிபார்க்கும் வேலையை மென்பொருளிலேயே வை.

ஒரு 20 இன்வர்ட்டரை வைத்துத் தொடங்கு. அதில் ஐந்தின் இணைய வயரை நடுக் கட்டளையில் பிடுங்கிவிட்டு, எந்த ஐந்துக்கு 3 வரவில்லை என்று மேலே போன பதில்களை மட்டும் வைத்துச் சொல்ல முடிகிறதா பார். அந்த லாகை அடுத்த கடிதத்தோடு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
முரளி