கந்தளாய்த் தண்ணீரைக் கணக்குப் பார்த்துவிட்டு வரைபடத்தை விரியுங்கள்

நகர அபிவிருத்தி அதிகார சபையில் திருகோணமலைக்கான திட்டங்களை வரையும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திருகோணமலையைப் பெருநகராக்கப் போகிறோம் என்ற பேச்சு எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அரசாங்கம் மாறினால் வரைபடத்தின் நிறம் மாறும், பேச்சு மட்டும் மாறாது. 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இங்கே எரிசக்தி மையம் அமைக்க உடன்பட்ட பிறகு அது இன்னும் சூடு பிடித்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகிறார்கள். ஆகவே நகரம் வளர வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வளரும் நகரத்தின் தண்ணீரையும் குப்பையையும் யார் தலையில் கட்டப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரங்கள் 1975இல் எட்டுத்தான். இன்று 33 என்கிறது ஐ.நா. முதலிடத்தில் இருக்கும் ஜகார்த்தாவில் 4 கோடிக்கு மேல் சனம். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி அதன் வடகரை தாழ்ந்துபோக, 2019இல் தலைநகரையே போர்னியோவுக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். அது தூரத்துக் கதை, சரி. சென்னை தூரமில்லையே? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கட்டடங்களை எழுப்பிய அந்த நகரம் 2015இல் வெள்ளத்தில் மூழ்கியது. நாலே வருடத்தில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லீற்றர். கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன, உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. பணம் இருந்தவர் லொறித் தண்ணீர் வாங்கினார், இல்லாதவர் குடத்தோடு வரிசையில் நின்றார். ஒரு நகரத்தின் பொருளாதாரம் எதன்மேல் நிற்கிறது என்பது அந்த வறட்சியில் தெரிந்தது.

எங்கள் குழாயில் வரும் தண்ணீர் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குளக்கோட்டன் கட்டியது என்று நாங்கள் சொல்வோம், வேறு மன்னர்களின் பெயரைச் சொல்வோரும் உண்டு. அந்த வழக்கு இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். அந்தக் குளத்துக்கே தண்ணீர் மின்னேரியாப் பக்கத்திலிருந்து வாய்க்கால் வழியாக வர வேண்டியிருக்கிறது. அதை நம்பிக் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் வயல்கள் கிடக்கின்றன. அதன் கட்டு 1986 ஏப்ரலில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2012 கணக்கெடுப்பில் மாவட்டச் சனத்தொகையே ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம்தான். இதைப் பல மடங்காக்கும் கோடுகளை வரையும்போது, கோடை இழுத்த ஒரு வருடத்தில் முதலில் அடைப்பது வாய்க்காலையா, குழாயையா என்பதையும் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் வாய்க்கால்தான் அடைபடும். ஹோட்டல் முதலாளிக்கு இருக்கும் குரல் தம்பலகாமத்துக் கமக்காரருக்கு இல்லை.

குழாய் போதாவிட்டால் குழாய்க்கிணறு என்பார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் நிலம். அங்கே நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு படையாகத்தான் நிற்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு தேறப் பல காலம் பிடிக்கும். அதே மணலுக்குள்தான் மலசலகூடக் குழிகளும் இருக்கின்றன. ஆயிரம் அறைகளுக்கு அனுமதி கொடுக்குமுன் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்பது உங்கள் வேலை. உள்துறைமுகத்துக்குள் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், நிலம் சூழ்ந்த அந்த நீரில் வலை வீசுகிறவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

குப்பைக்குக் கொழும்பே பாடம். 2017 சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். பிறகு என்ன நடந்தது? கொழும்பின் குப்பையைப் புத்தளத்து அறுவக்காட்டுக்கு ரயிலேற்ற ஏற்பாடு செய்தார்கள். புத்தளத்துச் சனம் மாதக்கணக்கில் தெருவில் நின்று எதிர்த்தது. வருமானம் ஒரு மாகாணத்தில், நாற்றம் இன்னொரு மாகாணத்தில். திருகோணமலைப் பெருநகரின் புத்தளம் எது? கிழக்கில் ஏற்கெனவே அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று சாகின்றன. எங்கள் நகரத்து மான்களும் தெருவில் பொலித்தீன் பையைத்தான் மேய்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அதையும் படம் எடுக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. திட்டத்தில் தண்ணீருக்கென ஒரு அத்தியாயம் வேண்டும், அதில் கந்தளாயிலிருந்து எடுக்கக்கூடிய உச்ச அளவு எண்ணாக இருக்க வேண்டும், அந்த எண்ணுக்கு மேல் கட்டட அனுமதி இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். குப்பை எந்தப் பிரதேச சபை எல்லைக்குள் போகிறதோ அந்தச் சபைக்கு நகரத்து வரியில் பங்கு வேண்டும். கருத்துக் கேட்கும் கூட்டத்தை நட்சத்திர ஹோட்டல் மண்டபத்தில் வைக்காதீர்கள். தம்பலகாமத்தில், சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்குக் கமக்காரர் கூடும் அன்றே வையுங்கள். வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுவந்து, நகரத்துக்கு இன்னும் எத்தனை லீற்றர் வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியில் குடியிருக்கும் ஒருவன்