பேராதனைப் பூங்காவில் இருந்த கடற்படைத் தளபதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையை வீட்டில் எல்லாருமே வாசித்தோம். டெல்லி வந்தது, பிரிவினை வந்தது, நேருவும் ஜின்னாவும் வந்தார்கள். ஆனால் அவர் தலைமையகத்தையே கண்டிக்குக் கொண்டுவந்து, இங்கே இருந்துகொண்டு இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியருக்கு எதிரான பர்மா யுத்தத்தை நடத்தினாரே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மலைநாட்டில் வரும் பத்திரிகை இதை விடலாமா?

1913இல் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு 13 வயதுகூட ஆகவில்லை. அப்பா அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைத் தளபதி. அடுத்த வருஷம் முதலாம் உலகப்போர் வந்ததும், ஜெர்மன் வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவைப் பதவி விலக வைத்தார்கள். மகன் அதே நாற்காலியில் 1955இல் போய் உட்கார்ந்தார், நாற்பது வருஷம் கழித்து! நடுவில் எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. 1941இல் கிரீட் தீவுக்குப் பக்கத்தில் அவருடைய கெல்லி கப்பல் குண்டுபட்டுக் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள், 1942இல் பிரான்ஸ் கரையிலுள்ள டியெப்பில் அவர் பொறுப்பில் திட்டமிட்ட தாக்குதலில் கனடாப் படையினர் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள், அந்தப் பழி கடைசிவரை அவரை விடவில்லை.

அப்புறம்தான் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமை. 1944 ஏப்ரலில் டெல்லியை விட்டுக் கண்டிக்கு வந்தார். இன்றைக்கு நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கிற பேராதனைப் பூங்காதான் அவருடைய தலைமையகம். 1945 மே மாதம் பர்மாவின் தலைநகர் ரங்கூன் திரும்பக் கிடைத்தது, செப்டம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் ஜப்பானியரின் சரணாகதியை அவரே ஏற்றார்.

எனக்கு இதில் முக்கியம் வேறு. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் பெரும்பாலும் இலங்கையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. மரம் பட்டாலும் பரவாயில்லை என்று பால் வெட்டச் சொன்னார்கள். என் தாத்தா மாத்தளைப் பக்கம் அந்த வேலை செய்தவர். பர்மா விழுந்ததால் அரிசிக் கப்பலும் நின்றது. கூப்பன் அரிசி பிள்ளைகளுக்கே காணாமல், பெரியவர்கள் கோதுமை மா ரொட்டியோடு மலை ஏறியதை அம்மாயி சொல்லிச் சொல்லி அழுவார். தளபதியின் டயர்களுக்கு ரப்பரும் சிப்பாய்களுக்குத் தேயிலையும் யார் கையிலிருந்து போனது? அவர் சரித்திரத்தை எழுதும்போது இந்தத் தோட்ட லயத்துச் சனங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். எங்கள் தோட்டத்திலேயே தொண்ணூறு தாண்டிய இரண்டு பேர், நினைவு தெளிவாக இருக்கிறது. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். எந்த நாள் என்று சொன்னால் போதும், நானே லயத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கம்பளை